பொட்டு வைத்த ஜப்பான் வண்டி

"வண்டி கிளம்புச்சுன்னா அவரு உசுரோட இருக்காருன்னு அர்த்தம். கிளம்பலைன்னா நீங்க சொல்றபடி தாலியக் கழட்டி வச்சுடறேன். போதுமா?"

பெரம்பலூரில் எங்கள் வீட்டு வாசலில், பங்காளிகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு முன்னால் நின்று நான் சொன்ன வார்த்தை இது. யுத்தம் முடிந்து, மலாய்ப் பக்கமிருந்து ஒன்றிரண்டு கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். எனக்கு இருபத்து நாலு வயது இருக்கும். வாய்க்கு மட்டும் அப்போதே அறுபது வயது.

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், டிரைவர் நடேசண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. கையில் தண்ணீர்ச் சொம்போடு வண்டி பக்கத்தில் நின்றவர், மெல்ல என் அருகில் வந்தார்.

"தங்கச்சி, என்ன காரியம் பண்ணிட்ட? டேங்க்ல சொட்டு எண்ணெய் இல்ல" என்றார், உதடு அசையாமல்.

எங்கள் ஊரில் அப்போது பெட்ரோலையும் எண்ணெய் என்றுதான் சொல்வோம்.

இந்த இடத்தில் நான் வேறு கதைக்குப் போனால் நீங்கள் திட்டுவீர்கள் என்று தெரியும். போன வாரமே ஒரு வாசகர், "அம்மா, நேர் ரோட்டில் போகவே மாட்டீர்களா?" என்று கார்டு போட்டிருந்தார். மாட்டேன் ஐயா. பெரம்பலூர் ரோடே அப்போது நேராக இல்லை.

திருப்தியா என்று கேட்கிறார்கள்

போன மாதம் என் மகன் ஒரு கார் வாங்கினான். ஜப்பான் கூட்டில் இங்கேயே செய்கிற சின்னக் கார். இப்போது ரோட்டில் எங்கே பார்த்தாலும் அதுதான். வாங்கி நாலு வாரம் ஆகவில்லை, கம்பெனியிலிருந்து ஒரு தாள் வந்துவிட்டது. "எங்கள் வண்டி உங்களுக்குத் திருப்தி அளிக்கிறதா? மிகவும் திருப்தி, திருப்தி, சுமார்" என்று கட்டம் போட்டு, ஒன்றில் டிக் அடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

மகன் டிக் அடித்துவிட்டு, "ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தாம்மா. ஒரு வேலைன்னா எவ்வளவு சுத்தம் பாருங்க" என்று எனக்குப் பாடம் எடுத்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் பிறப்பதற்கு முன்னாலேயே நான் ஒரு ஜப்பான் காருக்குச் சொந்தக்காரி. அன்றைக்கு ஜப்பான் சாமான் என்றால் என்ன மதிப்பு தெரியுமா? சந்தையில் செல்லுலாய்டு பொம்மை விற்பார்கள், கையில் வாங்கும்போதே கால் கழன்றுவிடும். தொட்டால் உடைகிற எதற்கும் "சப்பான் சாமான்" என்று பேர். ஒல்லியாக ஒரு மாப்பிள்ளை வந்தால்கூட, "என்னடி இது, சப்பான் சாமானா இருக்கு" என்று சமையற்கட்டில் பேசுவோம்.

அப்படிப்பட்ட காலத்தில்தான் என் வீட்டுக்காரர் ஜப்பானிலிருந்து வந்த ஒரு காரை வாங்கினார்.

தீப்பெட்டி வந்து இறங்கியது

அவர் மலாயில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. கணக்கு எழுதுகிற வேலை. எங்களுக்குக் கல்யாணம் ஆன மறுமாதமே கப்பல் ஏறிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தபோது கூடவே இந்த வண்டியும் வந்தது. சென்னையில் கப்பலிலிருந்து இறக்கி, கூட்ஸ் ரயிலில் ஏற்றி, அரியலூர் ஸ்டேஷனில் கொண்டுவந்து இறக்கினார்கள். பெரம்பலூருக்கு ஏது ரயில்? எதற்கும் அரியலூர்தான் போகவேண்டும்.

அங்கே தோட்டத்து வெள்ளைக்காரத் துரைகளெல்லாம் பெரிய பெரிய சீமைக் காரில் போவார்களாம். ஜப்பான் கம்பெனி அப்போதுதான் புதிதாகக் கார் செய்ய ஆரம்பித்திருந்தது. சீமையிலிருந்து சின்னக் கார் ஒன்றை வரவழைத்து, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று அங்கே ஒரு பேச்சாம். நிஜமோ பொய்யோ, எனக்குத் தெரியாது. கிராணி, கடைக்காரர் மாதிரியானவர்களுக்குத்தான் அதை விற்றார்களாம். கம்பெனி பேரை நான் எழுதக் கூடாதாம், விளம்பரமாகிவிடும் என்று மகன் உத்தரவு. சரி, எழுதவில்லை.

ஊர் சிரித்தது பாருங்கள்! முன்னால் இரண்டு பேர், பின்னால் குறுக்கிக்கொண்டு இரண்டு பேர். என் வீட்டுக்காரரின் அண்ணன், அதாவது என் மூத்தார், ஆறடி ஆள். ஏறி உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடித்தது. "ஏண்டா, காரு வாங்கிட்டு வரச் சொன்னா தீப்பெட்டி வாங்கிட்டு வந்திருக்க?" என்றார். அன்றிலிருந்து அதற்குத் தீப்பெட்டி என்றே பேர் நிலைத்துவிட்டது.

என் வீட்டுக்காரருக்குக் கோபமே வராது. "இன்னும் மூணு வருஷம் அங்க இருந்துட்டு வந்துடறேன். அப்பறம் இத வாடகைக்கு விட்டுப் பொழச்சுக்கலாம்" என்றார் என்னிடம். அதுவரை ஓட்டுவதற்கு என் பிறந்த ஊரான குரும்பலூரிலிருந்து நடேசண்ணனை நான்தான் வரவழைத்தேன். பஸ்ஸில் கிளீனராக இருந்து டிரைவர் ஆனவர். ஊர் முறையில் எனக்கு அண்ணன். அதனால் என் வீட்டுக்காரர் அவருக்கு மாப்பிள்ளை.

லீவு முடிந்து அரியலூரில் ரயில் ஏறும்போது என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அடுத்த தடவ நான் இங்க வந்து இறங்கறப்ப, இந்த வண்டிதான் வெளியில நிக்கணும். நீதான் வரணும்."

"வரேன்" என்றேன்.

அடுத்த தடவை என்பது ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும் என்று யார் கண்டது?

எந்திரத் தகடு

நடேசண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனுஷர் செட்டிகுளத்து முருகனுக்கு மாலை போட்டவர். மலையேறிக் கும்பிடாமல் ஒரு கிருத்திகை போகாது. எதைப் பார்த்தாலும் அவருக்குச் சாமிதான்.

வண்டி வந்த முதல் நாளே முன்மூடியைத் திறந்து பார்த்தார். இஞ்சினுக்குப் பின்பக்கம், கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. நாலு மூலையிலும் திருகாணி. நடுவில் கட்டம் கட்டமாக என்னவோ எழுத்து.

"தங்கச்சி! இங்க ஓடி வா!"

ஓடினேன்.

"இது என்ன தெரியுதா? எந்திரம்! சப்பான்காரனும் நம்மளாட்டம் பயபக்தி உள்ளவன்தான். இஞ்சினுக்குக் காவலா எந்திரத் தகடு எழுதிப் பதிச்சிருக்கான் பாத்தியா?"

வீட்டு நிலைவாசலில் மந்திரவாதி எழுதிக் கொடுத்த தகடு அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கும் பார்க்க அப்படித்தான் இருந்தது. என் வீட்டுக்காரருக்கும் அன்றைக்கு அந்த எழுத்து தெரியாது. சிரித்துக்கொண்டே, "இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

விட்டாரா நடேசண்ணன்? தினமும் காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் மூடியைத் திறப்பார். "சாமிக்குத் தண்ணி காட்டாம கிளப்பப்படாது" என்று ஒரு சொம்பு தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவார். பிறகு, "எண்ணெய்க் காப்பு" என்று ஒரு கம்பியை உருவிப் பார்த்து, குறைந்திருந்தால் இஞ்சின் எண்ணெய் விடுவார். அப்புறம்தான் கும்பிடு. வெள்ளிக்கிழமையானால் தகட்டுக்குச் சந்தனம் அப்பி, குங்குமம் வைக்க வேண்டும். அது என் வேலை. "வண்டிக்குச் சொந்தக்காரி கையால வைக்கணும்" என்பது அவர் சட்டம்.

முதலில் கேலியாகத்தான் வைத்தேன். ஜப்பான் பர்மாவுக்குள்ளும் மலாய்க்குள்ளும் நுழைந்து, அவர் கடிதம் நின்றுபோன பிறகு, கேலி போய்விட்டது. வாரா வாரம் தகட்டுக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு, அதே விரலால் எனக்கும் ஒன்று வைத்துக்கொள்வேன். வண்டி ஓடுகிற வரைக்கும் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். புத்தியுள்ளவள் செய்கிற காரியமா? இல்லைதான். நாலு வருஷம் ஒருவரிடமிருந்து ஒரு வரி வராமல் இருந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

எதிரி நாட்டு வண்டி

அவரைப் பிடித்து வைத்திருப்பவன் ஜப்பான்காரன். எனக்குச் சோறு போடுவது ஜப்பான்காரன் செய்த வண்டி. அதை நினைத்து நான் அழுத நாளும் உண்டு, வண்டியை எட்டி உதைத்த நாளும் உண்டு. உதைத்ததற்கு என் கால்தான் வீங்கியது.

ஆனால் வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, பஸ்ஸெல்லாம் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு, மேட்டைக் கண்டால் ஆட்களை இறக்கிவிட்டுத் தள்ளச் சொன்ன காலம் அது. எங்கள் தீப்பெட்டிக்குக் கூப்பனில் கிடைக்கிற கொஞ்சம் பெட்ரோலே போதும். அரியலூர் கோர்ட்டுக்குப் போகிறவர்கள், ரயிலுக்குப் போகிறவர்கள், பிள்ளைத்தாச்சிகள் என்று எல்லோரும் வாடகை கொடுத்து அதில்தான் போனார்கள். மழைக்காலத்தில் நம் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டால் பெரிய கார்கள் அங்கேயே கிடக்கும். இதை நாலு பேர் சேர்ந்து தூக்கி மேட்டில் வைத்துவிடலாம்.

உதிரி சாமானுக்கு ஜப்பானுக்கா எழுத முடியும்? வண்டியைத் தாங்குகிற வில்பட்டை உடைந்தால் கொல்லுப்பட்டறையில் அடித்துக் கொடுத்தார்கள். டயர் கிடைக்காமல் ஒரு தடவை வைக்கோலைத் திணித்துக்கொண்டு பேரளி வரைக்கும் போய் வந்தோம். பின் சீட்டில் இருந்தவர் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். ஆனாலும் போய்ச் சேர்ந்தார்.

ஒரு நாள் ஒரு சர்க்கார் அதிகாரி வந்தார். யுத்தத்துக்கு வண்டிகளை எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

"வண்டி யாரு பேர்ல இருக்கு?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் பேரை நான் எப்படிச் சொல்வது? அந்தக் காலத்தில் யார் சொன்னோம்? "அவரு பேர்லதாங்க" என்றேன்.

"எவரு பேர்ல?"

"எங்க வீட்டுல அவரு பேர்லங்க."

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். நடேசண்ணன்தான் பேரைச் சொன்னார். பிறகு அதிகாரி முன்மூடியைத் திறந்தார். "ஜப்பான் வண்டிதானே இது? எங்கயாவது எழுதியிருக்கும்" என்று குனிந்து, சந்தனம் அப்பிய தகட்டின் மேல் கையைக் கொண்டுபோனார்.

"ஐயா! ஐயா! தொட்டுடாதீங்க!" என்று குறுக்கே விழுந்தார் நடேசண்ணன். "காலுல பூட்ஸு இருக்கு. அது எந்திரத் தகடுங்க."

அதிகாரி சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். என்ன இருந்தாலும் நம்ம பக்கத்து ஆள்தானே! பிறகு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் இடித்தது. "இதுல ஒரு சோல்ஜரு கால நீட்ட முடியாது" என்று சொல்லி எழுதிக்கொண்டு போய்விட்டார். ஊர் கேலி செய்த அந்தச் சின்ன உடம்புதான் வண்டியைக் காப்பாற்றியது.

இரண்டு பாட்டில்

இப்போது வாசலுக்குத் திரும்பி வருகிறேன். நடேசண்ணன் பாவம், எத்தனை நேரம் சொம்போடு நிற்பார்!

மூத்தார் பங்காளிகளோடு வந்ததற்குக் காரணம் இருந்தது. மலாயிலிருந்து திரும்பிய ஒரு ஜயங்கொண்டத்து ஆளைப் போய்ப் பார்த்திருக்கிறார். அந்த ஆள், "உங்க தம்பிய சயாம் காட்டுல ரயில் பாதை போட ஜப்பான்காரனுங்க கூட்டிட்டுப் போனாங்க. அங்க போன எங்காளு யாரும் திரும்பல" என்று சொல்லியிருக்கிறான்.

மூத்தார் கெட்டவர் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். வாசலில் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"இங்க பாரும்மா. எனக்கு மட்டும் ஆசையா? அவன் அங்க காட்டுல அனாதையாக் கெடக்கறான். எள்ளுந் தண்ணியும் எறச்சாத்தான் அவன் கட்டை வேகும். நீ பொட்டும் பூவுமா நின்னா நான் எப்படி எறைக்கறது?"

அதற்குப் பதிலாகத்தான் நான் அந்தப் பந்தயத்தைக் கட்டினேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கூப்பன் தீர்ந்து பத்து நாளாக வண்டி நின்றுகொண்டிருந்தது. டேங்க் காய்ந்து கிடக்கிறது என்ற நினைவே எனக்கு வரவில்லை.

என்னிடம் வேறு பெட்ரோல் இல்லையா? இருந்தது. அதுதான் சங்கடம்.

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைப்போமே, அந்த மாதிரி ஒவ்வொரு கூப்பனிலும் ஒரு கரண்டி பெட்ரோலை எடுத்து ஷர்பத் பாட்டிலில் ஊற்றி, தக்கை அடைத்து, மேலே அரக்கு வைத்திருந்தேன். இரண்டு பாட்டில் சேர்ந்திருந்தது. நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். அவர் வருகிற அன்றைக்கு அரியலூர் போவதற்கு. வேறு எதற்கும் தொடுவதில்லை என்று சத்தியம்.

உள்ளே போனேன். குதிர் பக்கத்தில் நின்றேன். கசிகிற அந்த டேங்க்கில் இதை இப்போது ஊற்றினால் நாலு நாளில் போய்விடும், அவரை அழைத்துவர ஒன்றும் இருக்காது. ஊற்றாவிட்டால் அழைத்துவரவே வேண்டியிருக்காது. ஒரு நிமிஷம்தான் நின்றேன். இரண்டு பாட்டிலையும் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"ஊத்துங்கண்ணே."

நடேசண்ணனுக்கு அது எதற்காகச் சேர்த்தது என்று தெரியும். சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். மூடியைத் திறந்து தண்ணீர் விட்டார், கம்பியை உருவிப் பார்த்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் பங்காளிகள் எல்லோரும் பார்க்கத் தகட்டுக்குப் பொட்டு வைத்தேன். அதே விரலால் எனக்கும் வைத்துக்கொண்டேன். கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

நடேசண்ணன் வண்டி முன்னால் கைப்பிடியைச் செருகி ஒரு சுற்று சுற்றினார். இல்லை. இரண்டாவது சுற்று. ஒரு செருமல், அவ்வளவுதான். "முருகா, மானத்தக் காப்பாத்துடா" என்று மூன்றாவது சுற்று. அதற்கும் ஒன்றும் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கை தானாகத் தாலியைப் பிடித்துக்கொண்டது.

நாலாவதில் பிடித்துக்கொண்டது. வாசலெல்லாம் புகை. தகரம் கடகடவென்று ஆடியது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை, இன்றுவரை.

மூத்தார் கிட்டே வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். காலிப் பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தார்.

"இத எதுக்கு வச்சிருந்த?"

"அவரு வர்றப்ப ஸ்டேஷனுக்குப் போகங்க மாமா."

"இத இப்ப ஊத்திட்ட. அவன் வந்தா எதுல போவ?"

அதுவரை அழாதவள், அப்போது ஓவென்று அழுதுவிட்டேன். மூத்தார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்கடா போவலாம். எள்ளு எங்கயும் ஓடிப் போயிடாது" என்று பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அரியலூர் ஸ்டேஷன்

ஒன்றரை மாதமோ என்னவோ கழித்து ஒரு கார்டு வந்தது. அவர் கையெழுத்துதான். கொஞ்சம் நடுங்கியிருந்தது. இன்ன கிழமை, காலை ரயில், அரியலூர். அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

அந்தக் கிழமை விடியுமுன், யாரிடமாவது பெட்ரோல் கேட்கலாம் என்று நான் புறப்படும்போது மூத்தார் வந்தார். கையில் ஒரு தகர டின். எங்கே வாங்கினார், யார் காலில் விழுந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நேராக வண்டியிடம் போய், டேங்க் மூடியைத் திறந்து தன் கையாலேயே ஊற்றினார். பிறகு முழங்காலைத் தாடையில் முட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ரயில் வந்தது. கரிப்புகையும் வறுத்த கடலை வாசனையும் கலந்து அடித்தது. இறங்கியவர்களில் அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு சாக்குப் பையோடு எலும்பும் தோலுமாக ஒருவர் என் எதிரில் வந்து நின்றார். தலை பாதி நரைத்திருந்தது. காது மட்டும் அதே காது.

"வந்துட்டேன்" என்றார்.

"வாங்க" என்றேன்.

ஐந்து வருஷத்துப் பேச்சு அவ்வளவுதான். மூத்தார் தம்பியின் தோளைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்தோம். வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் அதைத் துடைத்துப் பூ வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. இரண்டடி பின்னால் போனார்.

"நான் மாட்டு வண்டியில வரேன். நீங்க போங்க."

"ஏங்க?"

"அவனுங்க செஞ்சது இது. என்னால ஏற முடியாது."

அங்கே என்ன பட்டார் என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகும் அவர் கொஞ்சம்தான் சொன்னார். தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். தெரியாததால் பிடித்துக்கொண்டேன்.

"ஏறமாட்டீங்களா? அஞ்சு வருஷமா யாருக்காக இத ஓட்டிக்கிட்டு இருக்கேன்? வண்டிதான் நிக்கணும்னு இந்த ஸ்டேஷன்லதான சொல்லிட்டுப் போனீங்க? ஊரு என்னைத் தாலிய அறுக்கச் சொன்னப்ப இதுதாங்க கூட நின்னுச்சு!"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜட்காக்காரர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

நடேசண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாவிட்டால் மனுஷன் வழக்கமாகச் செய்வதைத்தானே செய்வான்? போய் முன்மூடியைத் திறந்தார். தண்ணீர் விட்டார். கம்பியை உருவிப் பார்த்தார். கை கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மச்சான் எதக் கும்பிடறாரு?" என்று என்னிடம் கேட்டார் அவர்.

"அந்த எந்திரத் தகட்டத்தான். மறந்துட்டீங்களா?"

அவர் மெல்ல நடந்து போனார். குனிந்து பார்த்தார். ஐந்து வருஷத்துச் சந்தனம் அடை அடையாக அப்பிக் கிடந்தது. நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். நடேசண்ணன் பதறி, "மாப்ளே, மாப்ளே" என்றார். அவர் காதில் விழவில்லை. எழுத்து வெளியே வந்தது. அவர் உடம்பு சட்டென்று விறைத்து நிமிர்ந்தது. எங்களுக்குப் புரியாத பாஷையில், யாரோ அதட்டுகிற மாதிரிக் குரலில், அதை உரக்கப் படித்தார்.

"இத உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்றேன்.

"தெரியணும். தெரியலைன்னா அடி விழும். அப்படித்தான் கத்துக்கிட்டோம்."

"என்ன மந்திரம் மாப்ளே?" என்றார் நடேசண்ணன், பயந்துகொண்டே.

அவர் மறுபடி ஒரு தடவை படித்தார். இந்தத் தடவை தனக்குள்ளேயே. பிறகு தமிழில் சொன்னார்.

"'தினமும் புறப்படும் முன் தண்ணீர் பார். எண்ணெய் பார்.' அவ்வளவுதான் மச்சான் எழுதியிருக்கு."

நடேசண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "அதத்தான மாப்ளே நான் தெனமும் செஞ்சேன்!"

அவர் சிரித்தார். பல் இரண்டு இல்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாலு வருஷம் இந்த எழுத்தப் படிச்சேன். குனி, ஓடு, தோண்டு, இதுதான் இருக்கும். நல்ல வார்த்தைன்னு இன்னிக்குத்தான் ஒண்ணு படிக்கறேன்."

எந்த ஊரில், எந்தப் பட்டறையில், யார் அந்தத் தகட்டைத் திருகினானோ! அவன் நாட்டுக்காரர்கள் செய்ததை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அந்த ஒருவனுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். நடேசண்ணனுக்கும் சொல்கிறேன். புரியாமலே ஒருவன் சொல்லை ஒருவர் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் தகட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே கேட்டார்.

"தண்ணி பாத்தாச்சா மச்சான்?"

"பாத்தாச்சு மாப்ளே."

"எண்ணெய்?"

நடேசண்ணன் மூத்தாரைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஆறடி மனுஷர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"நான்தாண்டா ஊத்துனேன். உனக்கு எள்ளுந் தண்ணியும் எறைக்கப் போனேன்டா தம்பி. எண்ணெயும் தண்ணியும் ஊத்த வச்சுட்டா உம் பொண்டாட்டி."

அவர் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சாக்குப் பையை எடுத்து வண்டிக்குள் போட்டார்.

"அப்பக் கிளப்புங்க மச்சான்" என்று சொல்லி, ஏறி உட்கார்ந்தார்.